வலிக்காத கால்

தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இரத்தம், சிறுநீர், சளி, சீழ் என்று மனிதர்கள் எனக்குச் சின்னச் சின்னக் குப்பிகளில் வந்து சேர்வார்கள். குப்பியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படிப்பேன். எந்திரத்தில் வைப்பேன். எந்திரம் சந்தேகப்பட்டால் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். யாருக்கு என்ன என்பது பல நேரம் எனக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அதைப் போய்ச் சொல்லும் பொறுப்பு என்னுடையதல்ல. இத்தனை வருடம் இந்த வேலையில் நான் நிலைத்து நின்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரே அண்ணன், அவனுக்கு நான் ஒரே தங்கை. மூன்று வயது மூத்தவன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். அவன் மனைவி, எனக்கு மைனி, முட்டத்துக்காரி. கடற்கரையில் வலை வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம் அவளுடையது. நாங்கள் உள்நாட்டில் புராட்டஸ்டன்ட் மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. ஒரே மகள், எனக்கு மருமகள். அவள் நர்சிங் படித்து அயர்லாந்துக்குப் போனாள். அண்ணனும் மைனியும் மஸ்கட்டை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, இரணியல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டினார்கள். வீடு பால் காய்ச்சி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மைனி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது விழுந்தாள். இதயம் நின்றுவிட்டது. அவள் எப்போதோ சொல்லியிருந்தபடி முட்டத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

அன்று அண்ணன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அழவில்லை. மறுநாள் டூட்டிக்குப் போனேன். லீவு இருந்தது, ஆனால் வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்த சில்லுகளில் ஒன்றுகூடத் தப்பாகப் பார்க்கவில்லை. மருமகள் மட்டும் அழுது அழுது குரல் கட்டிப்போய்த் திரும்பிப் போனாள்.

அண்ணனுக்குச் சர்க்கரை மஸ்கட்டிலேயே இருந்தது. சர்க்கரை பல வருடம் கூடி நின்றால் நரம்புகள் நுனியிலிருந்து சாக ஆரம்பிக்கும். மிக நீளமான நரம்பு எதுவோ அது முதலில் போகும். அதனால்தான் பாதத்தில் தொடங்குகிறது. பஞ்சின்மேல் நடப்பது மாதிரி இருக்கிறது என்று அண்ணன் ஒரு தடவை சொன்னான். இன்னொரு தடவை, சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை என்றான். எங்கே கழன்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதை ஒரு தமாஷாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன்.

மைனியின் முதல் ஆண்டு நினைவுக்கு அவன் முட்டத்துக்குத் தனியாகப் போனான். என்னைக் கூப்பிடவில்லை. அது ஒரு வேலை நாள். காலைப் பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுதிரி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளில் இறங்கியிருக்கிறான். அங்கே தண்ணீர் அடிக்கும் பாறைகளில் சிப்பி மொய்த்துக் கிடக்கும். உடைந்த சிப்பியின் ஓரம் பிளேடு மாதிரி. செருப்பு நனையக் கூடாது என்று கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நடந்தான், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

இதையெல்லாம் அவன் பிறகுதான் சொன்னான். வீட்டுக்கு வந்து செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், முகம் கழுவி, சோறு எடுத்து வைத்துத் திரும்பிப் பார்த்தபோது வெள்ளை டைல்ஸ் தரையில் சிவப்பாகக் காலடிகள் கிடந்தன. யாரோ வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். கையில் தட்டோடு அந்தத் தடத்தின் பின்னாலேயே போனான். வாசலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து அடுக்களைக்கு. அடுக்களையில் அது அவன் நின்ற இடத்தில் வந்து முடிந்தது. அப்போதுதான் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினான். மருந்துப் பொடி தூவி, மைனியின் பழைய புடவையில் ஒரு கிழிசல் எடுத்துக் கட்டினான். தரையைத் துடைத்தான். சோற்றைச் சாப்பிட்டான். உள்ளே சிப்பித் துண்டு ஒன்று இருந்தது. அவன் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தான்.

மருமகள் வாரம் ஒரு முறை வீடியோவில் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொல்வாள். நர்ஸ் என்பதால் அவளுக்கு அந்தப் பயம் உண்டு. அந்த வாரமும் கேட்டாள். அண்ணன் இடது காலைக் காட்டினான். அடுத்த காலைக் காட்டுங்கள் என்றதும் போனைக் கொஞ்சம் ஆட்டி, தலைகீழாகப் பிடித்து, மறுபடியும் அதே இடது காலைக் காட்டினான். போன் திரையில் எது இடம் எது வலம் என்று அவளுக்குத் தெரியவில்லை. டூட்டி முடிந்து வந்த களைப்பு வேறு. நல்லா இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மீன்குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு இரணியலுக்குப் போவேன். அண்ணன் முட்டம் போய்வந்த வார ஞாயிறு எனக்கு டூட்டி. அதனால் ஒரு வாரம் விட்டுப்போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு நான் போனபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. அண்ணன் ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தான். இடுப்பில் கட்டிய சாரத்தைக் கால்வரை இழுத்து மூடியிருந்தான். டிவியில் சத்தம் இல்லாமல் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மழைக் காய்ச்சல் மாதிரி இருக்கு, காலையில் குளிர் எடுத்தது, பாராசிட்டமால் போட்டிருக்கிறேன் என்றான். நான் குழம்புப் பாத்திரத்தை வைக்கக் குனிந்தபோது வாடை வந்தது. எனக்குப் பழக்கமான வாடை. ஆய்வகத்தில் சீழ் வந்த குப்பியைத் திறக்கும்போது வரும் வாடை.

சாரத்தை விலக்கினேன். வலது பாதம் இடது பாதத்தைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. கணுக்கால் எலும்பு தெரியவில்லை. தோல் இழுத்துப் பிடித்துப் பளபளவென்று, கருஞ்சிவப்பாக. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் நீலம் பாய்ந்திருந்தன. சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரத்தைத் தொட்டது போலச் சுட்டது. மற்ற காலில் வைத்துப் பார்த்தேன். அது குளிர்ந்திருந்தது.

"காலுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. முட்டத்துல போனப்பம் என்னமோ கீறிச்சு."

விரலால் அமுக்கினேன். அமுக்கிய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

"வலிக்கா?"

"வலிச்சா சொல்லமாட்டேனா மக்கா."

அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. நான் அமுக்குவதையே வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடம்பில் ஒரு முள் குத்தினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குப் படிப்பின் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். தோலுக்கு அடியில், இரத்தக் குழாய்களை ஒட்டி, சில செல்கள் சும்மா காத்துக்கொண்டு இருக்கும். திசு கிழிந்ததும், கிருமி நுழைந்ததும் அவைதான் முதலில் அறியும். தங்களுக்குள் வைத்திருக்கும் சரக்கைக் கொட்டிவிடும். ஹிஸ்டமின் என்பது அதில் ஒன்று. அது பட்டதும் பக்கத்திலுள்ள நுண்ணிய குழாய்கள் விரிந்துகொள்ளும். இரத்தம் அந்த இடத்துக்குப் பாயும். அதனால் சிவக்கும், சுடும். குழாய்ச் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி விழும். அதன் வழியாக இரத்தத்தின் நீர்ப் பகுதி வெளியே கசியும். அதனால் வீங்கும். அங்கே சேர்ந்த இரசாயனங்கள் நரம்பு நுனிகளைச் சீண்டும். அதனால் வலிக்கும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. நான்கையும் வரிசையாகச் சொல்லச் சொல்லிப் பரீட்சையில் கேட்பார்கள். ஐந்தாவதாக, அந்த உறுப்பு வேலை செய்யாது என்பதையும் எழுதினால் முழு மதிப்பெண்.

அழற்சி என்கிற இதை நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உடம்பின் வேலை. காயம் பட்ட இடத்தைக் காப்பாற்றுவதற்காக உடம்பே செய்வது. வலியும் அதில் ஒரு பகுதி. வலித்தால்தான் மனிதன் காலை ஊன்றமாட்டான், உட்காருவான், யாரிடமாவது காட்டுவான். அண்ணனின் பாதத்தில் மற்ற எல்லாம் நடந்திருந்தது. வலி மட்டும் வரவில்லை. அதைக் கொண்டுபோகும் நரம்பு ஏற்கெனவே இறந்திருந்தது. அதனால் அவன் நடந்தான். கடைக்குப் போனான். ஸ்டேஷன் வரைக்கும் காலாற நடந்து வந்தான். ஒவ்வொரு அடியிலும் சிப்பித் துண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"நாளைக்குப் போவலாம். இன்னைக்கு ஞாயிறுல்லா. டாக்டர் இருக்கமாட்டாரு."

"இப்பம் போணும்."

எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். ஆட்டோவில் ஏறும்போது அண்ணன் அந்த வலது காலைத்தான் முதலில் ஊன்றினான். நான் பிடித்து நிறுத்தி, தூக்கி வைக்கச் சொன்னேன். வழியில் அவன் குழம்பைப் பிரிட்ஜில் வைத்தாயா என்று கேட்டான். வைக்கவில்லை.

என் ஆஸ்பத்திரிதான். அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். சர்க்கரை பார்த்தார்கள். மீட்டரில் எண் வராமல் அதிகம் என்று மட்டும் காட்டியது. குளுக்கோஸ் இல்லாத டிரிப் போட்டு, இன்சுலின் கொடுத்து, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். படத்தில் சுண்டுவிரல் எலும்புக்குப் பக்கத்தில் எலும்பு அல்லாத ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. இரத்தத்தை நானே எடுத்தேன். கூட வேலை பார்ப்பவள் தான் எடுப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

எந்திரம் வெள்ளை அணுக்களைச் சாதாரண அளவைப் போல மூன்று மடங்கு என்று சொல்லிச் சிவப்புக் குறி போட்டது. வழக்கப்படி சில்லில் தேய்த்தேன். சாயம் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணைக் கொடுத்தேன்.

நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணுக்கள் அவை. ஊதா நிறத்தில், மூன்று நான்கு கட்டிகளை நூலில் கோத்த மாதிரி உட்கரு இருக்கும். சாதாரண நேரத்தில் இரத்தத்தோடு சும்மா ஓடிக்கொண்டிருக்கும். எங்காவது அழற்சி தொடங்கி, குழாய்ச் சுவர் சொரசொரப்பானதும், அவை வேகம் குறைந்து சுவரோரமாக உருளும். பிறகு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தச் சின்ன இடைவெளியில் உடம்பை நெளித்து நுழைந்து வெளியே இறங்கும். கிருமியின் வாடை எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் ஊர்ந்து போய், கிருமியை விழுங்கி, அதைக் கொன்று, தானும் சாகும். அப்படிச் செத்தவைதான் சீழில் பெரும்பகுதி. செத்ததற்கு ஈடாக எலும்பு மஜ்ஜை புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும். சண்டை கடுமையானால் முதிர்ந்தவை போதாமல், முற்றாத அணுக்களையும் அனுப்பிவிடும். அவற்றின் உட்கரு கட்டிகளாகப் பிரிந்திருக்காது. குதிரை லாடம் போல வளைந்து ஒரே துண்டாக இருக்கும்.

சில்லு முழுவதும் லாடங்கள். சர்க்கரை கூடிய இரத்தத்தில் இந்த அணுக்கள் மந்தமாகிவிடும். சரியாக ஊராது, சரியாக விழுங்காது. என்றாலும் வந்துகொண்டே இருந்தன. அண்ணன் வெளியே ஸ்ட்ரெச்சரில் சீலிங் ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுடைய உடம்பு அவனைக் கேட்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். தோன்றவில்லை. எண்ணினேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். கூட வேலை பார்ப்பவள் என் தோளில் கை வைத்தாள். அவள் கை அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

சர்ஜன் வந்து பார்த்தார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்தால் வரும் டாக்டர், என் வயதுக்காரர். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று காலில் பேனாவால் கோடு போட்டார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். உள்ளே சீழ் தேங்கியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும், இரண்டு விரல்களுக்கும் இரத்த ஓட்டம் இல்லை, அவற்றை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் பாதம் போகலாம், அதற்கு மேல் உயிருக்கும் சொல்ல முடியாது என்றார். அண்ணனிடம் நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

நான் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முடிவைச் சொல்லும் வேலை என்னுடையதல்ல என்று இருந்தவள் நான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு விரல் எடுக்கணுமாம் என்றேன். அண்ணன் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தான்.

"ரெண்டு வெரல்தானே. எடுக்கச் சொல்லு."

உபயோகம் இல்லாத ஒரு நாற்காலியை யாரோ கேட்டது போல இருந்தது அவன் சொன்ன விதம்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது. சர்ஜன் வெளியே வந்து நன்றாக முடிந்தது என்றார். ஒரு சின்னக் குப்பியில் அந்தச் சிப்பித் துண்டைக் காட்டினார். நகத்தளவுகூட இல்லை. உள்பக்கம் மட்டும் வெள்ளையாக மினுங்கியது. வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீழை மட்டும் வாங்கிக்கொண்டு மாடியேறி ஆய்வகத்துக்குப் போய் வளர்ப்புத் தட்டில் இட்டேன். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிய வேண்டும்.

மருமகளுக்கு நான்தான் போன் செய்தேன். அங்கே அப்போது மதியம். நடந்ததைச் சொன்னதும் அவள் முதலில் நர்ஸாகத்தான் பேசினாள். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, எந்த ஆன்டிபயாடிக் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாகத்தான் இதைக் கேட்டாள்.

"எந்தக் காலு அத்தே?"

"வலது."

"நான் போன வாரம் பாத்தேனே. ரெண்டு காலும் காட்டினாங்களே."

எனக்கு அது தெரியாது. மறுநாள் அண்ணனிடம் கேட்டபோதுதான் இடது காலை இரண்டு தடவை காட்டிய கதையைச் சொன்னான். ஏன் அப்படிச் செய்தாய் என்றேன். அங்க தனியா கெடக்குத பிள்ள, பயந்துரும்லா என்றான்.

காய்ச்சல் விட நான்கைந்து நாளாயிற்று. காய்ச்சலும் அதே வேலையின் ஒரு பகுதிதான். காயம் பட்ட இடத்தில் இருந்து புறப்படும் சில பொருட்கள் மூளைக்குப் போய், உடம்பின் சூட்டை உயர்த்தச் சொல்லும். கல்லீரலிடம் வேறு சில புரதங்களைச் செய்யச் சொல்லும். அந்தப் புரதங்களில் ஒன்றைத் தினமும் அண்ணனின் இரத்தத்தில் அளந்தேன். ஒவ்வொரு நாளும் இறங்கியது. சில்லில் லாடங்கள் குறைந்து, முற்றிய அணுக்கள் வந்தன. சர்ஜன் போட்ட பேனாக் கோட்டுக்குக் கீழே சிவப்பு இறங்கி, பழைய தோல் சுருங்கி உரிய ஆரம்பித்தது. கணுக்கால் எலும்பு மறுபடி தெரிந்தது. டூட்டி முடிந்ததும் கீழே இறங்கி அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவன் கஞ்சி குடிப்பான். நாங்கள் பேசியது குறைவு. இரண்டு பேரும் எதிர்க் கட்டிலுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் மருமகள் வந்தாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்சி பிடித்து, யாரிடமும் சொல்லாமல் வாசலில் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்து, டிரஸ்ஸிங்கை இனிமேல் நான் செய்கிறேன் என்றாள்.

முதல் நாள் அவள் கட்டைப் பிரித்தபோது நான் அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் இருந்து பார்த்தால் ஹால் தெரியும். அவள் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் காலைத் தன் மடியில் துண்டு விரித்து வைத்திருந்தாள். கையுறை போட்டிருந்தாள். பஞ்சை உப்புநீரில் நனைத்து, விரல்கள் இருந்த இடத்தில் உள்ளே விட்டுத் துடைத்தாள். பஞ்சு உள்ளே போனது. அங்கே அவ்வளவு ஆழம் இருந்தது. அண்ணன் அசையவில்லை. அவள் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். அழுதுகொண்டே துடைத்தாள்.

"அழாத மக்கா. எனக்கு ஒண்ணும் வலிக்கல்ல" என்றான் அண்ணன்.

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு வலிக்கல்லன்னா ஆருக்கும் வலிக்காதுன்னு நெனச்சீங்களாப்பா?"

குரலை உயர்த்தவில்லை. அவள் மறுபடியும் பஞ்சை எடுத்தாள். மருந்து வைத்து, துணி மடித்து, கட்டைச் சுற்றினாள். கட்டு முடிந்தும் காலை மடியிலிருந்து எடுக்கவில்லை. அப்போதுதான் அண்ணன் பேசினான். அவளைப் பார்த்துப் பேசவில்லை. கட்டைப் பார்த்துப் பேசினான்.

"ஒங்கம்மை போனதுல இருந்து எனக்கு ஒண்ணுமே தெரியல்ல மக்கா. பசி தெரியல்ல. உப்பு, புளி தெரியல்ல. கால்ல மட்டும்னு இல்ல."

மருமகள் அவன் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அண்ணன் அவள் தலையில் கையை வைத்தான். எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல முதலில் தோளில் வைத்து, பிறகு தலைக்கு மாற்றினான். நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அவன் சொன்னது எனக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். இதை யாராவது சொல்லிவிட்டார்களே என்று ஒரு நிம்மதி மாதிரி வந்தது. அழுகை வரவில்லை. கஞ்சி அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மருமகள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை தோறும் அம்மா மீன் மார்க்கெட்டில் பேரம் பேசி வங்காளதேசத்து மீன்காரனைத் திணறடிப்பதைச் சொன்னாள். அண்ணன் ஒரு இடத்தில் திருத்தினான். அது வெள்ளிக்கிழமை இல்லை, வியாழன் என்றான். மைனி இறந்த பிறகு அந்த வீட்டில் அவளைப் பற்றி மூன்று பேரும் சேர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மருமகள் லீவு முடிந்து போகும்வரை புண்ணை அவள்தான் பார்த்தாள். பிறகு நான். தினமும் கட்டைப் பிரித்ததும் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். கிருமிகள் தீர்ந்ததும் அந்த இடத்தில் நியூட்ரோபில்கள் தேவைப்படாது. அவை வருவது தானாகக் குறையும். பின்னால் பெரிய செல்கள் வரும். அவை செத்ததையும் அழுகியதையும் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும். போதும், நிறுத்துங்கள் என்று சொல்லும் பொருட்களையும் உடம்பே சுரக்கும். சிலருக்கு அந்த நிறுத்தம் வராது. மாதக்கணக்கில் புண் ஒரே நிலையில் நிற்கும். சர்க்கரை இருந்தால் அப்படி ஆவது அதிகம். அண்ணனுக்கும் இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றும் நகரவில்லை. புண்ணின் ஓரம் வெளுத்து, தடித்து, அப்படியே இருந்தது. சர்ஜன் ஓரத்தைச் சீவிவிட்டு, காலை ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரத் தினமும் நான்கு வேளை ஊசி.

ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது அடியில் சிவப்பு தெரிந்தது. பழைய கருஞ்சிவப்பு இல்லை. மாதுளை முத்துகளை நெருக்கி அடுக்கியது போல ஈரமான, பளிச்சென்ற சிவப்பு. புது இரத்தக் குழாய்கள் முளைத்துவரும் சதை அது. தொட்டால் இரத்தம் கசியும். சர்ஜன் பார்த்துவிட்டு, இது நல்ல சிவப்பு என்றார். மருமகளுக்குப் படம் அனுப்பினேன். அவள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகளை அனுப்பினாள்.

அதன் பிறகு மெல்ல மெல்ல ஓரத்திலிருந்து தோல் உள்ளே வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மூடிவிட்டது. பாதம் ஒரு பக்கம் ஒடுங்கி, படகின் முனை மாதிரி ஆகியிருக்கிறது. மிருதுவான ரப்பர் அடி வைத்த செருப்பு ஒன்றை அளவெடுத்துச் செய்து கொடுத்தார்கள். கட்டியாக, கறுப்பாக, பள்ளிக்கூடப் பையன்களின் பூட்ஸ் போல இருக்கும். இது போட்டுட்டு ஆராதனைக்கு எப்படி வருவேன் என்று அண்ணன் கேட்டான். நீ ஆராதனைக்கு வந்தே எத்தனை காலம் ஆகுது என்றேன். அடுத்த ஞாயிறு வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். பாடினானா என்று தெரியவில்லை.

நரம்பு திரும்ப வராது. அதை அவனும் அறிவான், நானும் அறிவேன். காலையும் மாலையும் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்கால்களையும் பார்க்கிறான். சுடுதண்ணீரில் கால் வைக்கும் முன் முழங்கையை வைத்துப் பார்க்கிறான். எனக்கும் பெரிதாக எதுவும் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. சில்லுகளைப் பார்க்கிறேன். லாட உட்கருக்கள் நிறைந்த சில்லு வந்தால் குப்பியில் ஒட்டிய பெயரை இன்னொரு தடவை படிக்கிறேன். சில நேரம் கீழே போய் அவர்கள் எந்தக் கட்டிலில் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறேன். அவ்வளவுதான்.

மாதம் ஒரு தடவை அண்ணன் இரணியலில் இருந்து பஸ் ஏறித் தக்கலைக்கு வருகிறான், சர்க்கரை பார்க்க. வெறும் வயிற்றோடு வந்து, வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருந்து, என் முன்னால் உட்கார்ந்து சட்டைக் கையை மடிப்பான். போன வாரமும் வந்தான். ரப்பர் பட்டையைக் கட்டி, இரத்தக் குழாயைத் தடவி, ஊசியை எடுத்தேன். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பையக் குத்து" என்றான். "கையில இப்பமும் வலி உண்டு கேட்டியா."

மெதுவாகத்தான் குத்தினேன். அவன் ஸ் என்று மூச்சை இழுத்தான். இரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குப்பியில் அவன் பெயரை எழுதி வைத்தேன். பிறகு கேண்டீனுக்குப் போய் இரண்டு பேரும் சர்க்கரை போடாத சாயா குடித்தோம், ஆளுக்கு ஒரு தோசை சாப்பிட்டோம். சட்னியில் உப்பு கூடுதல் என்று அவன் சொன்னான்.